எடைக்குறைப்பு ஆபரேஷனுக்குப் பின் ராத்திரிச் சாப்பாடு: அடுப்படியைச் சாத்துவதா, அளந்து வைப்பதா, மருந்துக்குப் போவதா?

ஸ்லீவோ (இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுப்பது) பைபாஸோ (இரைப்பையைச் சிறு பையாக்கிக் குடலோடு நேராக இணைப்பது) செய்துகொண்டவர்களில் பலருக்குப் பகலில் பிரச்சினையே இருக்காது. இரண்டு இட்லியில் வயிறு நிறைந்துவிடும். ஆபீஸில் யாராவது நீட்டும் சமோசாவை வேண்டாம் என்று சொல்வதும் சுலபம். இரவு 9 மணி தாண்டினால்தான் கை மிக்சர் டப்பாவைத் தேடும், அல்லது 2 மணிக்கு விழிப்புத் தட்டி ஃப்ரிட்ஜ் கதவைத் திறக்க வைக்கும். இதற்கு வீட்டிலும் வெளியிலும் கிடைக்கும் யோசனைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாதவை. ஏழரைக்கு மேல் எதையும் தொடாதே என்பார் ஒருவர். ஒரு டம்ளர் பால் குடித்துவிட்டுப் படு என்பார் இன்னொருவர். இதற்கு மாத்திரை இருக்கிறது என்று ஒருவரும், இன்னொரு ஆபரேஷனே செய்துவிடலாம் என்று ஒருவரும் சொல்வார்கள்.

இந்த யோசனைகள் ஒவ்வொன்றும் யாரோ ஒருவருக்குச் சரிதான், ஆள் மாறினால்தான் கெடுதல். அடுப்படியைச் சாத்துவது செலவில்லாத வழி, கேட்கவும் கண்டிப்பாக இருக்கும். அதனால்தான் அதை முதலில் பிடித்துக்கொள்கிறார்கள். ஆனால் ஆபரேஷன் ஆன முதல் வருஷத்தில் பெரும்பாலோருக்கு அது பொருந்தாது என்பது எங்கள் கருத்து. பகல் சாப்பாட்டைச் சரிசெய்வது முதல் வேலை. அதற்குப் பிறகும் மிஞ்சும் பசிக்கு அளந்து வைத்த ஒரு சிறு தட்டு. பூட்டு எல்லாம் அதற்கு அப்புறம். மருந்து தனிக் கணக்கு, அது வேறு வகை ஆட்களுக்கு.

முதலில் ஏழு இரவு எழுதுங்கள்

எந்த வழி என்று முடிவு செய்வதற்கு முன் ஒரு வாரம், எதையும் மாற்றாமல், ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மணி, என்ன சாப்பிட்டது, எவ்வளவு, படுக்கும் முன்பா அல்லது தூங்கி எழுந்தா, அந்த நேரம் உடம்பில் என்ன தெரிந்தது. இதில் கடைசிதான் முக்கியம். வயிறு காலியாகக் கூப்பிட்டதா, நெஞ்சு எரிந்ததா, கை நடுங்கி வியர்த்ததா, ஒன்றுமே இல்லாமல் செல்போன் பார்த்தபடி கை போனதா என்று பிரித்து எழுத வேண்டும். காலையில் எழுந்து பார்த்தால் பிஸ்கட் உறை மேஜையில் கிடக்கிறது, தின்ற ஞாபகமே இல்லை என்றால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். அது முற்றிலும் வேறு விஷயம்.

பசி, பழக்கம், அமிலம், சர்க்கரை இறக்கம், தூக்கக் கோளாறு ஆகிய ஐந்தும் ராத்திரியில் ஒரே மாதிரிதான் தெரியும். ஐந்துக்கும் மருந்து வேறு வேறு.

பகலில் விட்டது ராத்திரி வந்து நிற்கும்

நிறையப் பேருக்கு உண்மை இதுதான். ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும், 60 முதல் 80 வரை என்று வைத்துக்கொள்ளலாம். நம் வீட்டு வழக்கமான ஒரு நாளைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். காலையில் இரண்டு இட்லியும் சாம்பாரும், சுமார் 6 கிராம். மதியம் வேலை மும்முரத்தில் நாலைந்து கரண்டி தயிர்சாதம், 4 அல்லது 5. இரண்டு வேளை காபியில் சேரும் பால் 200 மில்லி, இன்னொரு 6. இரவு சட்னியோடு ஒரு தோசை, 4. மொத்தம் 20, 21 கிராம். வயிறு நான்கு வேளையும் 'நிறைந்த' மாதிரிதான் இருந்தது, ஆனால் உடம்புக்குத் தேவையானதில் மூன்றில் ஒரு பங்குதான் உள்ளே போயிருக்கிறது. இவரைப் பார்த்து ராத்திரி வாயைக் கட்டு என்று சொன்னால் இரண்டு நாள் கட்டுவார். மூன்றாம் நாள் கட்டியதற்கும் சேர்த்துச் சாப்பிடுவார்.

அதே நாளை இப்படி மாற்றலாம். எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் இரண்டு அவித்த முட்டை, 12 கிராம். பத்தரைக்கு ஒரு ஸ்கூப் புரோட்டீன் பவுடர் தண்ணீரில் அல்லது சர்க்கரை போடாத பாலில், 20 முதல் 25. மதியம் 60 கிராம் மீன் அல்லது கோழியை முதலில் தின்று, பிறகு காய், மிச்ச இடத்துக்கு இரண்டு மேஜைக் கரண்டி சோறு. இதில் 13, 14 கிடைக்கும். நாலரைக்கு அரைக் கப் கொண்டைக்கடலை சுண்டல், 7. இரவு ஏழுக்கு 60 கிராம் பனீர், அதோடு காய், சுமார் 11. அறுபதைத் தாண்டிவிட்டது. சைவம் சாப்பிடுபவர்கள் முட்டை, மீன் இருக்கும் இடத்தில் பனீர், கெட்டித் தயிர், மீல் மேக்கர், பாசிப்பயறு அடை என்று மாற்றிக்கொள்ளலாம். பருப்புத் தண்ணியும் ரசமும் புரதத்தில் சேராது. ராகிக் கஞ்சியும் அப்படித்தான். நல்ல சாப்பாடுதான், ஆனால் திரவ மாவுச்சத்து சீக்கிரம் இறங்கிப் போய்விடும்.

இரண்டு இடத்தில் இது சறுக்கும். ஒன்று, ராத்திரி சாப்பிடுபவருக்குக் காலையில் பசியே இருக்காது. அதனால் காலைச் சாப்பாட்டை விடுவார், அதனால் ராத்திரி மறுபடியும் பசிக்கும். இந்தச் சுழலை முட்டையால் உடைக்க முடியாவிட்டால் 100 மில்லி புரோட்டீன் பானத்தை வாய்வாயாக அரை மணி நேரத்தில் குடிக்கத் தொடங்குங்கள். ஒரு வாரத்தில் திடமான உணவுக்கு மாறிவிடலாம். இரண்டு, பைபாஸ் செய்தவர்களில் சிலருக்குப் பால் சர்க்கரை ஒத்துக்கொள்ளாமல் வயிறு உப்பும், பேதி போகும். புரோட்டீன் பவுடரே ஆகாது என்று டப்பாவைத் தூக்கிப் போட வேண்டாம். வே கான்சன்ட்ரேட்டுக்குப் பதில் வே ஐசொலேட் என்று போட்டிருப்பதை வாங்கிப் பாருங்கள், அதில் லாக்டோஸ் மிகக் குறைவு.

சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக் கூடாது, முடித்து அரை மணி கழித்துத்தான் என்று எல்லா ஆஸ்பத்திரியிலும் சொல்வார்கள். அதைப் பிடித்துக்கொண்டு பகல் முழுக்கத் தண்ணீரையே விட்டுவிடுபவர்களும் உண்டு. நாளுக்கு ஒன்றரை லிட்டர் உள்ளே போகாவிட்டால் ராத்திரி வருவது பாதி தாகம்தான். ஆபரேஷன் ஆன முதல் இரண்டு மாதத்தில் இரவு விழிப்பு வந்தால் முதலில் நாலைந்து வாய் தண்ணீர் குடித்துப் பார்க்க வேண்டும்.

இந்த மாற்றத்துக்கு மூன்று வாரம் கொடுங்கள். புரதம் அறுபதைத் தொட்ட நாட்களில் ராத்திரிச் சாப்பாடு குறைந்திருக்கிறதா என்று நோட்டில் பார்த்தாலே தெரிந்துவிடும். குறைந்திருந்தால் வேறெந்த வழியும் தேவையில்லை.

சாத்துவதும் அளப்பதும்

பகல் சரியாகிவிட்டது, இன்னும் ராத்திரி கை போகிறது. இப்போதுதான் உண்மையான தேர்வு.

அடுப்படியைச் சாத்துவது பழக்கத்துக்கான வழி, பசிக்கானது அல்ல. டிவி முன்னால், செல்போனோடு, பிள்ளைகளுக்கு வைத்த முறுக்கில் ஒன்று, பிறகு இன்னொன்று என்று போகும் கொறிப்புக்கு இது நன்றாக வேலை செய்யும். அந்தக் கொறிப்பை இரைப்பை தடுக்காது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். ஸ்லீவில் இரைப்பையின் 75 முதல் 80 சதவீதத்தை எடுத்துவிடுகிறார்கள், மிஞ்சுவது சுமார் 100 முதல் 150 மில்லி கொள்ளும் குழாய். பைபாஸ் பையோ ஏறத்தாழ 30 மில்லிதான். மீனும் பனீரும் அங்கே தேங்கி நின்று போதும் என்று சொல்ல வைக்கும். மிக்சர், பிஸ்கட், சிப்ஸ் எல்லாம் எச்சிலில் குழைந்து, புனலில் ஊற்றிய மாவுக் கரைசல் மாதிரி வழிந்து இறங்கிவிடும். ஐஸ்கிரீமுக்குக் குழையவே தேவையில்லை. 100 கிராம் மிக்சரில் ஏறக்குறைய 550 கலோரி இருக்கிறது. ஒரே மூச்சில் அதைத் தின்ன முடியாதவர் இரண்டு மணி நேரத்தில் சுலபமாக முடித்துவிடுவார். குறைந்த எடை திரும்பி ஏறும் வழிகளில் இது முக்கியமானது.

சாத்துவது என்றால் மன உறுதி மட்டும் போதாது, இடத்தை மாற்ற வேண்டும். சாப்பிட்டு முடித்ததும் பல் தேய்த்துவிடுவது சின்ன விஷயம் மாதிரித் தெரியும், ஆனால் கொறிப்பவர்களுக்கு அது நல்ல தடை. திறந்த பாக்கெட் எதுவும் கண்ணில் படக் கூடாது. பிள்ளைகளின் தின்பண்டம் ஒரே எவர்சில்வர் தூக்கில், மேல் அலமாரியில், அவர்களுக்கு எடுத்துக் கொடுப்பது வீட்டில் வேறொருவர். பாத்திரம் ஒழித்துப் போடும் வேலையைக் கொஞ்ச நாளைக்கு வேறு யாராவது எடுத்துக்கொள்ளட்டும். சட்டியில் ஒட்டியிருப்பதை வழித்துப் போடும் வாய் யாருடையது என்று எல்லா வீட்டிலும் தெரியும். வீட்டார் ஒத்துழைக்காமல் இந்த வழி நடக்காது. "ஒரு வாய்தானே, சாப்பிடும்மா, இளைச்சுப் போயிட்டே" என்று அத்தை தட்டை நீட்டும் வீட்டில் பூட்டு நிற்காது. அத்தையிடம் விஷயத்தை முன்னாலேயே சொல்லி வைக்க வேண்டும்.

இந்த வழி யாருக்கு ஆபத்து? ஆபரேஷனுக்குப் பிறகும் கிளிமிபிரைடு மாதிரி சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு. எடை குறையக் குறைய மருந்தின் தேவையும் குறையும். பழைய அளவிலேயே மாத்திரையைப் போட்டுக்கொண்டு 12 மணி நேரம் வயிற்றைக் காயப் போட்டால் விடிகாலையில் சர்க்கரை இறங்கிவிடும். இவர்களுக்கு வரும் ராத்திரிப் பசி பல சமயம் உடம்பு அடிக்கும் எச்சரிக்கை மணி. டாக்டரிடம் மாத்திரை அளவைக் குறைத்த பிறகுதான் வேறு பேச்சு. முதல் ஆறு மாதத்தில் இருப்பவர்களுக்கும், இன்னும் புரதக் கணக்கு எட்டாதவர்களுக்கும் சாத்துவது சரிவராது.

அளந்து வைப்பது அதற்கு எதிர்ப்பக்கம். ராத்திரி ஏதோ ஒன்று உள்ளே போகத்தான் போகிறது என்று ஒப்புக்கொண்டு, அது என்ன, எவ்வளவு, எப்போது என்பதைச் சாயந்திரமே தீர்மானித்துவிடுவது. 100 முதல் 150 கலோரி, 10 கிராமுக்குக் குறையாத புரதம், ஒரே தட்டு, உட்கார்ந்து, திரை எதுவும் இல்லாமல். ஒரு முழு முட்டையும் இரண்டு வெள்ளைக் கருவும் நல்ல உதாரணம். 13 கிராம் புரதம், 110 கலோரிதான். மெல்லிய துணியில் கட்டித் தொங்கவிட்டுத் தண்ணீர் வடித்த தயிர் 120 கிராம், மேலே மிளகு, சீரகப் பொடி. இதுவும் பத்தைத் தொடும். 50 கிராம் பனீரில் புரதம் 9, ஆனால் கொழுப்பு சேர்ந்து 150 கலோரிக்குப் பக்கம் போய்விடும். பொட்டுக்கடலை ஒரு கைப்பிடி பரவாயில்லை, ஆறு மாதம் ஆனவர்கள் நன்றாக மென்று தின்றால். பால் எப்படி என்று கேட்பார்கள். வெறும் பால் 150 மில்லியில் புரதம் 5 கிராம்தான், திரவம் என்பதால் வயிற்றில் நிற்காது. அதில் ஹார்லிக்ஸோ பூஸ்டோ இரண்டு ஸ்பூனும் சர்க்கரையும் போட்டால் அது இனிப்புப் பானம், அந்தக் கணக்கில் எழுதுங்கள்.

தட்டுக்கு நேரம் மிக முக்கியம். படுப்பதற்கு இரண்டு மணி நேரமாவது முன்னால் முடிந்துவிட வேண்டும், ஸ்லீவ் செய்தவர்களுக்கு மூன்று. 11 மணிக்குப் படுப்பவர் எட்டரைக்குள், ஸ்லீவ் என்றால் எட்டுக்குள், தட்டை முடிக்கட்டும், அதற்கு ஏற்றபடி சாப்பாடு ஆறரை அல்லது ஏழுக்கு வர வேண்டும். ஒன்பதரைக்குக் குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிடும் வீடுகளில் இதுதான் பெரிய சிக்கல். அங்கே ஒரு வழி உண்டு. ஆறரைக்கு முழுச் சாப்பாட்டை முடித்துவிட்டு, குடும்பத்தோடு உட்காரும்போது அந்தச் சிறு தட்டை மட்டும் எடுத்துக்கொள்வது. நேரம் கொஞ்சம் தள்ளினாலும், தனியாக ஒளிந்து தின்பதைவிட எவ்வளவோ மேல்.

இது கெட்டுப்போகும் விதம் ஒன்றுதான். தட்டு கூடுதலாகச் சேர்ந்துவிடும். அந்த 120 கலோரியைச் சாயந்திரத் தேநீர் பிஸ்கட்டிலோ இரவுத் தோசையிலோ கழிக்காமல், இருப்பதன் மேல் வைத்தால் அது இன்னொரு வேளைச் சாப்பாடு. இரண்டு வாரம் தட்டு வைத்தும் 2 மணி விழிப்பும் சாப்பாடும் நிற்கவில்லை என்றால், அது பசி இல்லை. தட்டைப் பெரிதாக்காதீர்கள், கீழே படியுங்கள்.

இரண்டையும் ஒருவரே மாற்றி மாற்றிச் செய்யலாமா? செய்யலாம், வரிசை முக்கியம். முதல் வருஷம் தட்டு. பிறகு பசி இல்லாத வாரங்கள் தொடர்ந்து வந்தால் தட்டை நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்துவது. தலைகீழாகச் செய்தவர்கள் தட்டுக்கு வரும்போது குற்ற உணர்வோடு வருகிறார்கள், அளவும் அதோடு போய்விடுகிறது.

பசி வேஷம் போடும் அமிலம்

ஸ்லீவுக்குப் பிறகு எதுக்களிப்பு புதிதாக வருவதும் இருந்தது அதிகமாவதும் சகஜம். படுத்த அரை மணியில் மேல் வயிற்றில் ஒரு பிசைவு, அரிப்பு. அதைப் பசி என்று எடுத்துக்கொண்டு பாலோ பிஸ்கட்டோ சாப்பிட்டால் பத்து நிமிஷம் அடங்கும், அப்புறம் கூடுதலாக எரியும். எழுந்து நேராக உட்கார்ந்து, இரண்டு மூன்று வாய் தண்ணீர் குடித்து, கால் மணி நேரம் பாருங்கள். உட்கார்ந்ததுமே குறைந்தால், அல்லது ஜெலுசில் மாதிரி ஒரு ஆன்டாசிட்டுக்கு அடங்கினால் அது அமிலம்தான்.

கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் 15 முதல் 20 செ.மீ. உயர மரக்கட்டை வையுங்கள். தலையணையை அடுக்குவது அதற்குச் சமமாகாது. இடுப்பில் மடிந்து வயிறு அழுந்துவதால் எதுக்களிப்பு கூடத்தான் செய்யும். இடது பக்கமாகப் படுப்பது உதவும்.

பைபாஸோ மினி பைபாஸோ செய்தவருக்கு நடுராத்திரியில் குத்தும் எரிச்சல் வந்தால் இந்த வீட்டுச் சோதனையோடு நிறுத்தக் கூடாது. இரைப்பைப் பையும் குடலும் சேரும் இடத்தில் புண் வரலாம். மூட்டுவலிக்கு டைக்ளோஃபினாக், ஐபுபுரோஃபென் போடுபவர்களுக்கும் புகைபிடிப்பவர்களுக்கும் வாய்ப்பு அதிகம். எண்டோஸ்கோப்பி வேண்டியிருக்கும். கறுப்பாக மலம் போனாலோ வாந்தி நிற்காவிட்டாலோ காலை வரை காத்திருக்க வேண்டாம்.

வியர்த்து விழித்தால்

பைபாஸ் வகை ஆபரேஷன்களில், பெரும்பாலும் ஒரு வருஷம் கடந்த பிறகு, மாவுச்சத்து நிறைந்த சாப்பாடு வேகமாகக் குடலுக்குள் இறங்கி, இன்சுலின் அளவுக்கு மீறிச் சுரந்து, ஒன்று முதல் மூன்று மணி நேரத்தில் சர்க்கரை சரியும். ஸ்லீவிலும் வருவதுண்டு. ஒன்பது மணிக்கு இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும், பதினொன்றரைக்கு நெஞ்சு படபடத்து, வியர்த்து, எதையாவது தின்றே ஆக வேண்டும் என்ற வெறி. ஒரு லட்டைத் தின்றால் ஏறும், அதே லட்டால் மறுபடி இறங்கும். இப்படி ஒரே இரவில் இரண்டு மூன்று முறை எழுந்து தின்பவர்களுக்கு மன உறுதி குறைச்சல் என்று பெயர் வாங்கிக் கொடுப்பது அநியாயம்.

குளுக்கோமீட்டர் படுக்கை அருகில் இருக்கட்டும். அறிகுறி வந்த அந்த நிமிஷம் விரலில் குத்திப் பார்க்க வேண்டும், தின்ற பிறகு அல்ல. டெசிலிட்டருக்கு 70 மி.கி.க்குக் கீழே என்றால் மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் பொடியைத் தண்ணீரில் கலந்து குடித்து, 15 நிமிஷம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறியதும் ஒரு முட்டையோ கொஞ்சம் பனீரோ, மறுபடி இறங்காமல் பிடித்துக்கொள்ள. 54-க்குக் கீழே போன எண்களைத் தேதி, மணியோடு எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். கையில் ஒட்டும் சென்சார் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் கையின் மேல் புரண்டு படுத்தால் அழுத்தத்தால் சென்சார் பொய்யாகக் குறைந்த எண்ணைக் காட்டும். விரலில் குத்திச் சரிபார்க்காமல் சாப்பிட்டால், அலாரத்துக்குப் பயந்தே தினமும் ராத்திரி தின்னும் வழக்கம் வந்துவிடும்.

இவர்களுக்கும் படுக்கும் முன் தட்டு ஏற்றதுதான், ஆனால் இரவுச் சாப்பாட்டை மாற்றுவது அதைவிட முக்கியம். புரதமும் காயும் முதலில், மாவுச்சத்து கடைசியில், அதுவும் கால் தட்டு. குடிக்கும் இனிப்பு எதுவும் கூடாது. அது போதாவிட்டால் டாக்டர்கள் அகார்போஸ் மாத்திரை எழுதுவார்கள், சாப்பாட்டின் முதல் வாயோடு போடுவது. மாவுச்சத்து உடைவதைத் தாமதப்படுத்தும், வாயு கொஞ்சம் தொல்லை தரும். அந்த மாத்திரையிலோ அதன் உறவான வோக்லிபோஸிலோ இருக்கும்போது சர்க்கரை இறங்கினால் வீட்டுச் சர்க்கரையும் வெல்லமும் உடனே கைகொடுக்காது, அவை உடைவதையும் சேர்த்து மாத்திரை தடுக்கிறது. குளுக்கோஸ் பொடிதான் வேண்டும். மது அருந்துபவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. பைபாஸுக்குப் பிறகு மது மிக வேகமாக ரத்தத்தில் ஏறும், இரவில் சர்க்கரையையும் இறக்கும்.

வேறு ஏதாவது காரணத்துக்காக லேபில் 75 கிராம் குளுக்கோஸ் குடிக்கச் சொன்னால், பைபாஸ் ஆனதை முதலில் சொல்லுங்கள். அந்த அளவு இனிப்புத் தண்ணீர் சட்டென்று குடலுக்குள் கொட்டி, படபடப்பு, மயக்கம், பேதி என்று வரும் டம்பிங்கைக் கிளப்பிவிடும்.

மருந்து யாருக்கு

தூங்கி எழுந்து, முழு நினைவோடு, ஏதாவது தின்றால்தான் மறுபடி தூக்கம் வரும் என்று நம்பி, வாரத்துக்கு இரண்டு தடவையாவது சாப்பிடுவது. அல்லது இரவுச் சாப்பாட்டுக்கு அப்புறமே நாளின் கலோரியில் கால் பங்குக்கு மேல் போவது. காலையில் பசியின்மை, மாலையில் மனச்சோர்வு. இது மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் இரவு உண்ணும் நோய்க்குறி என்று பெயர். அமெரிக்க மனநல மருத்துவர் ஆல்பர்ட் ஸ்டங்கார்ட் 1955-இலேயே இதை விவரித்தார். கால் பங்கு, இரண்டு தடவை என்ற அளவுகோல்கள் 2010-இல் முன்வைக்கப்பட்டவை. ஆபரேஷனுக்கு முன்பே இது இருந்தவர்களுக்கு ஆபரேஷனால் மட்டும் போய்விடுவதில்லை, இரைப்பையில் வந்த நோய் இல்லையே.

இவர்களுக்கு முதலில் பேச்சுவழி சிகிச்சை. சிபிடி என்று மனநல மருத்துவர்கள் சொல்வது. "தின்றால்தான் தூங்குவேன்" என்ற எண்ணத்தைப் பரிசோதிப்பது, விழித்தால் படுக்கையிலேயே இருப்பது, தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியைப் படுக்கும் முன் 20 நிமிஷம் செய்வது. எட்டு, பத்து அமர்வுகள் ஆகும். மாத்திரையில் அதிகம் பேசப்படுவது, மனச்சோர்வுக்கு எழுதும் செர்ட்ராலின். 2006-இல் வெளிவந்த, 34 பேர் கலந்துகொண்ட 8 வார ஆய்வில் செர்ட்ராலின் எடுத்தவர்களில் 71 சதவீதத்தினருக்கு நல்ல பலன், போலி மாத்திரை எடுத்தவர்களில் 18 சதவீதத்தினருக்கு. வித்தியாசம் பெரிதுதான். ஆனால் சின்ன ஆய்வு, அதுவும் ஆபரேஷன் ஆனவர்களுக்கென்று செய்தது இல்லை. பைபாஸுக்குப் பிறகு இந்த வகை மாத்திரை ரத்தத்தில் சேர்வது குறையலாம், அதனால் அளவை மனநல மருத்துவரும் சர்ஜனும் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். வலி மாத்திரையோடு சேர்ந்தால் இரைப்பையில் ரத்தக்கசிவு வாய்ப்பும் கூடும். வலிப்புக்குத் தரும் டோபிராமேட்டும் சில இடங்களில் எழுதப்படுகிறது. அது சிறுநீரகக் கல்லை உண்டாக்கக் கூடியது, பைபாஸும் ஆக்சலேட் கல்லை உண்டாக்கக் கூடியது. இரண்டையும் ஒரே உடம்பில் சேர்க்கப் பலமான காரணம் வேண்டும்.

புது மாத்திரை கேட்பதற்கு முன் ஏற்கெனவே போடும் மாத்திரைகளை ஒரு பையில் அள்ளிக்கொண்டு போய்க் காட்டுங்கள். மனநலத்துக்கு எழுதும் மிர்டசபின், ஒலான்சபின், குவெட்டியாபின் ஆகியவை பசியைத் தூண்டுபவை. தூக்கத்துக்கு சோல்பிடெம் போடுபவர் அரைத் தூக்கத்தில் எழுந்து தின்றுவிட்டுக் காலையில் ஒன்றும் ஞாபகமில்லாமல் இருப்பது அறியப்பட்ட பக்கவிளைவு. தூக்கத்தில் நடமாடுவது பற்றி அமெரிக்க மருந்து நிர்வாகம் 2019-இல் அந்த மாத்திரையின் விவரக் குறிப்பில் கட்டமிட்ட எச்சரிக்கையைப் போட வைத்தது. இது உண்ணும் நோய் அல்ல, தூக்க நோய். மெல்லாமல் விழுங்கிய பெரிய கவளம் ஸ்லீவில் சிக்கும் அபாயம் உண்டு. அடுப்பைப் பற்றவைப்பவர்கள்கூட உண்டு. இவர்களுக்கு மட்டும் அடுப்படிக்கு நிஜப் பூட்டே போடச் சொல்வோம், கேஸ் ரெகுலேட்டரையும் மூடிவிட்டு. மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது, எழுதிய டாக்டரிடம் அன்றே பேச வேண்டும்.

தூக்கம் அடிக்கடி கலைவதற்கு இன்னும் இரண்டு காரணங்கள் ஆபரேஷன் ஆனவர்களிடம் கவனிக்காமல் விடப்படுகின்றன. இரும்புச்சத்துக் குறைவால் வரும் கால் அமைதியின்மை ஒன்று. உடம்பில் இருக்கும் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் மில்லிலிட்டருக்கு 75 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் இரும்புச்சத்து கொடுத்துப் பார்ப்பது வழக்கம். ஹீமோகுளோபின் நார்மலாக இருக்கிறது என்பது இங்கே ஆறுதல் இல்லை. இரும்பு மாத்திரையைக் காபி, டீயோடு போடாதீர்கள், கால்சியம் மாத்திரைக்கும் அதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். பைபாஸ் ஆனவருக்கு மாத்திரை ஏறாவிட்டால் டிரிப்பில் ஏற்றுவார்கள். இன்னொன்று குறட்டையும் மூச்சுத் தடையும். சிபாப் (தூக்கத்தில் மூச்சு அடைபடாமல் காற்றை அழுத்தித் தரும் கருவி) வைத்திருப்பவர்கள் முப்பது கிலோ குறைந்த பிறகும் பழைய அழுத்தத்திலேயே ஓட்டினால் முகக்கவசம் கசிந்து தூக்கத்தைக் கெடுக்கும்.

2025-இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த மவுன்ஜாரோ, வீகோவி என்ற எடைக்குறைப்பு ஊசிகளைப் பற்றியும் கேட்கிறார்கள். எடை திரும்ப ஏறியவர்களுக்கு அவை பயன்படுத்தப்படுகின்றன, பசிக்கும் கொறிப்புக்கும் உதவவும் கூடும். பசியே இல்லாமல் விழித்துத் தின்பவருக்கான மருந்து அது இல்லை. இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துவதால் ஸ்லீவ் எதுக்களிப்பு மோசமாகலாம். முதல் வருஷத்தில், புரதமே உள்ளே போகாத நிலையில், இன்னும் பசியைக் குறைப்பதில் அர்த்தமில்லை. மறு ஆபரேஷனும் அப்படித்தான். மருந்துக்கு அடங்காத எதுக்களிப்புக்காக ஸ்லீவை பைபாஸாக மாற்றுவதில் நியாயம் இருக்கிறது. ராத்திரிக் கொறிப்புக்காக மாற்றினால் கொறிப்பும் கூடவே வரும்.

நைட் ஷிஃப்ட் ஆட்களுக்கு

மேலே சொன்ன மணிக்கணக்கு எல்லாம் இரவில் தூங்குபவர்களுக்கு. ஐடி, ஆஸ்பத்திரி, செக்யூரிட்டி வேலையில் இரவு முழுக்க விழித்திருப்பவர் ஏழரைக்கு வாயைக் கட்ட நினைப்பது வீண். ஷிஃப்டுக்குக் கிளம்பும் முன் ஒரு முழுச் சாப்பாடு, 12 அல்லது 12.30-க்கு வீட்டிலிருந்து கொண்டுபோன டப்பாவில் 20 கிராம் புரதம், 3 மணிக்கு மேல் தண்ணீர் மட்டும். கேன்டீன் டீயில் ஒவ்வொரு தடவையும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் ஐந்து டீக்குப் பத்து ஸ்பூன் ஆகிறது. சர்க்கரை போடாமல் கேளுங்கள், கடைசி டீ 2 மணிக்கு. காலை வீட்டுக்கு வந்ததும் பசித்தால் ஒரு முட்டை, முடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் படுக்கை. மல்டிவைட்டமினும் கால்சியமும் 'காலை, இரவு' என்று எழுதியிருக்கும். அதை எழுந்த நேரம், வேலைக்குக் கிளம்பும் நேரம் என்று மாற்றி எழுதித் தரச் சொல்லி டயட்டீஷியனிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.